ரிவர்ஸ் கியர் போடாமலே இடித்தவள்

கார் பின்னால் வரும்போது குறுக்கே வந்து நின்று "வா, வா, வா" என்று கையை ஆட்டுகிற ஆண்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது அச்சில் வருவதற்காகச் சொல்கிற வார்த்தை. மனசில் இருப்பது வேறு. அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், போனில் பேசிக்கொண்டிருப்பார்கள், ரிவர்ஸ் விளக்கு எரிந்ததும் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடுவார்கள். வந்து, எந்தக் கண்ணாடியிலும் தெரியாத இடமாகப் பார்த்து நிற்பார்கள். ஓட்டுவது ஆணாக இருந்தால் ஒருவர் வருவார். பெண்ணாக இருந்தால் தெருவே வரும்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் இறங்கிப் போய்ப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். பாட்டை நிறுத்து. ஜன்னலை இறக்கு. ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாதே. வழி சொல்ல ஒரே ஒருத்தர் போதும், அவரும் உன் கண்ணாடியில் தெரிய வேண்டும், தெரியாமல் போனால் அந்த நொடியே நிறுத்து. இதில் எதுவும் கஷ்டமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். புரியாதவர்கள் எல்லோரும் எங்கள் சொந்தக்காரர்களாக அமைந்துவிட்டார்கள்.

நான் மாரண்டஹள்ளியில் உரக்கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்தை அளவுக்கு மேல் அடித்துவிட்டு, செடி கருகிப்போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பேசியே திருப்பி அனுப்புகிற அளவுக்கு வாய் உண்டு. வீட்டுக்காரர் தக்காளி போடுகிறவர். மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்ட அவருக்கு வராது, ஆசையும் கிடையாது. அதனால் கார் வாங்கியபோது ஓட்டப்போவது நான்தான் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. சந்தேகம் வந்தது நாத்தனாரின் கணவருக்குத்தான்.

அவர் பெயர் கோவிந்தசாமி. முறைக்கு எனக்கு அண்ணன். சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்து, தினமும் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறவர். உலகத்தில் டிரைவர் என்று ஒருவர் உண்டென்றால் அது தான்தான் என்று நினைப்பவர். கார் வீட்டுக்கு வந்த அன்றே சாவியைக் கையில் வாங்கிச் சுழற்றிக்கொண்டு சொன்னார்:

"முன்னாடி ஓட்டறது யாருக்கு வேணா வரும் தங்கச்சி. ரிவர்ஸ் எடுக்கறதுலதான் டிரைவர் யாருன்னு தெரியும்."

அவருடைய மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் இந்தப் புதுக் காரில்தான் அனுப்ப வேண்டும், ஓட்டப்போவது தான்தான், அதற்குப் பிறகும் விசேஷம், மருத்துவமனை என்று வெளியே போவதற்கெல்லாம் சாவி தன்னிடமே இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரொம்ப நியாயமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கல்யாணம் முடியும் வரை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவிட்டால் சாவி அவளிடமே இருக்கட்டும் என்றார். லோன் என் பெயரில், தவணை என் கடையிலிருந்து, பரீட்சையும் எனக்கு. (இந்த மனுசனுக்கு நான் சோறு போட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.)

இதற்கு மேல் ஒரு சட்டமும் வந்தது. போட்டது என் மாமியார்.

பிள்ளையார் கோயில் முன்னால் வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நான் முன்னால் நகர்த்தி நசுக்கி முடித்ததும் அத்தை ஜன்னல் பக்கம் வந்தார். "குலசாமி கோயிலுக்குப் போயி வர்ற வரைக்கும் வண்டி பின்னால போகக் கூடாது. புது வண்டி முதல்ல பின்னால போச்சுன்னா நம்ம வூடே பின்னால போயிரும். ஆமா, சொல்லிட்டேன்."

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டால் தீர்ந்தது என்று விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு பங்காளி வீட்டில் சாவு. தீட்டு. அது கழிந்து கிளம்பும் நேரத்தில் இன்னொரு பங்காளி வீட்டில் குழந்தை பிறந்தது. அதுவும் தீட்டு. எங்கள் பங்காளிகள் என் காருக்காகவே பிறந்தும் இறந்தும் கொண்டிருந்தார்கள். கோயில் தள்ளிக்கொண்டே போனது.

இதையெல்லாம் நான் நம்பினேனா என்றால், இல்லை. மீறினேனா என்றால், அதுவும் இல்லை. இன்றுவரை எனக்கு என் மேலேயே ஆறாத கோபம் அதுதான். கடைக்கு வருகிற ஆண்பிள்ளைகளை அதட்டுகிறவள், வீட்டில் ஒரு கியரைப் போட அனுமதிக்குக் காத்திருந்தேன்.

ரிவர்ஸ் இல்லாமல் கார் ஓட்டினால் என்ன ஆகும் என்று யாரும் முயன்று பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். நேரே நுழைந்து நேரே வெளியேறக்கூடிய இடத்தில் மட்டும்தான் நிறுத்த முடியும். கடையில் இறங்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஒருநாள் ஒடுக்கமான மண்பாதையில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போன டிராக்டருக்கு நேர் எதிரே போய் மாட்டிக்கொண்டேன். இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். டிராக்டர்க்காரர் என்னையும் என் காரையும் பார்த்துவிட்டு, என் வம்சத்தைப் பற்றி நிதானமாகச் சில வார்த்தைகள் பேசினார். பேசிக்கொண்டே டிரெய்லரோடு பின்னால் போனார். ஒரு டிரெய்லர் கரும்பு பின்னால் போகிறது, என் குட்டிக் கார் மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் வருகிறது. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி அத்தையிடம் கத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். இஞ்சின் பின்னால் இழுத்தால்தான் குற்றம். இஞ்சினை நிறுத்திவிட்டு ஆட்கள் கையால் தள்ளினால் அது கணக்கில் வராது. அதிலிருந்து எங்கள் வாசலில் கார் திரும்ப வேண்டுமென்றால் தோட்டத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் உள்ளே மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க, அவர்கள் மூக்கில் கை வைத்துத் தள்ளுவார்கள். (கார் மூக்கில்தான். தங்கள் மூக்கிலும் வைத்திருப்பார்கள், நான் பார்க்காதபோது.)

இந்த நிலையில் கல்யாணம் வந்தது.

மண்டபம் பாலக்கோட்டில். வீட்டுக்காரர் பெண்ணுக்குத் தாய்மாமன் என்பதால் விடிந்ததும் போய்விட்டோம். மண்டபத்து மைதானம் காலியாகக் கிடந்தது. ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதற்காக நான் இடத்தை அளந்து பார்த்து, வெளிவாசலைப் பார்த்த மாதிரி, கிளம்பினால் நேராகப் போகிற மாதிரி நிறுத்தினேன். அவ்வளவு அறிவோடு நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் செய்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், என் காரின் மூக்குக்கு எதிரே இன்னொரு கார் மூக்கை ஒட்டி நிற்கிறது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எதிலும் போன் நம்பர் எழுதி வைக்கவில்லை. வாசலை மறித்து நிறுத்திவிட்டு நிம்மதியாக இட்லி சாப்பிடப் போகிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. அது இந்தியச் சட்டப்படி குற்றம்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர்கள் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கக் காத்திருக்கிறார்கள், பஸ் உள்ளே திரும்ப முடியவில்லை என்று தகவல் வந்தது. பஸ் திரும்புகிற இடத்தில் இடிப்பது மாதிரி நிற்பது என் கார்தான். மண்டபத்து மைக்கில் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு, டிஎன் இருபத்தொன்பது என்று ஆரம்பித்து என் வண்டி நம்பரை முழுதாகச் சொல்லி, வெள்ளைக் கலர் காரின் உரிமையாளர் எங்கிருந்தாலும் வந்து வண்டியை எடுக்கும்படி அறிவித்தார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

எதிரே இருந்த காரின் சொந்தக்காரர் கிடைக்கவில்லை. ஆக, பின்னால்தான் போக வேண்டும். கோவிந்தசாமி அண்ணன் அங்கே ஏற்கனவே நின்றிருந்தார். பெண்ணைப் பெற்றவர், மணமேடையில் உட்கார வேண்டியவர், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"சாவியக் குடு தங்கச்சி. நான் எடுக்கறேன்."

கொடுத்திருந்தால் ரிவர்ஸ் போட்டிருப்பார். போட்டிருந்தால் அத்தை அவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், மருமகனாயிற்றே. ஆனால் சாவி அதற்குப் பிறகு எனக்குத் திரும்ப வராது. நான் கொடுக்கவில்லை. நீங்கள் ஆட்களைக் கூப்பிடுங்கள் அண்ணா, தள்ளிக்கொள்ளலாம் என்றேன். அத்தை மண்டபத்துப் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வந்தார்கள். கல்யாணத்தில் வேலை இல்லாத ஆண்களுக்கா பஞ்சம். சலவை வேட்டியும் கழுத்தில் துண்டுமாக ஒரு கூட்டம் இரண்டு கார்களுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு என் பானெட்டில் கை வைத்தது. நான் இஞ்சினை அணைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். அண்ணன் பின்னால் போய் நின்று வலது கையைத் தூக்கினார். "வா, வா, வா. வரட்டும். வரட்டும். நான் பாத்துக்கறேன்."

எங்கள் வாசல் சமதளம். மண்டபத்து மைதானம் அப்படி இல்லை. என் காருக்குப் பின்னால் தரை மெதுவாகச் சரிந்து மண்டபத்தின் நுழைவாசல் வரைக்கும் போகிறது. விடியற்காலையில் இடத்தை அளந்து பார்த்த மேதைக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் அந்த மேதை பின்னால் திரும்பியே பார்க்கவில்லை, பின்னால் போகிற உத்தேசம் இல்லாததால்.

முதலில் கார் அசையவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு தம் பிடித்தார்கள். அசைந்தது. அப்புறம் அவர்கள் தள்ளுவதை விட்ட பிறகும் அசைந்துகொண்டே இருந்தது. ஒருவரின் வேட்டி நம்பர் பிளேட்டில் மாட்டி, அவர் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது எனக்குத் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன். பயத்தில் ஏற்கனவே பலமுறை அழுத்தி அழுத்தி விட்டிருந்ததால் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. இஞ்சின் ஓடாமல் பிரேக் சரியாகப் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கனத்துப்போகும் என்பதை இதற்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். ஹேண்ட்பிரேக் என் இடது கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது அங்கே இருக்கிறது என்பது அன்று மத்தியானம் சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது.

கண்ணாடியில் அண்ணனைத் தேடினேன். காணோம். ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தால், "நான் பாத்துக்கறேன்" என்ற மனிதர் ஓரமாகப் போய், வந்திறங்கிய சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம்.

நுழைவாசலில் ஒரு பெரிய ஃபிளக்ஸ் பேனர். சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் சின்னதாக ஒரு மூலையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், மீசையோடும் கழுத்துச் சங்கிலியோடும், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகக் கோவிந்தசாமி அண்ணன் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என் கார் அந்த மீசைக்குள் போய்ச் சொருகியது. கட்டை முறிந்து ஃபிளக்ஸ் அப்படியே கார் மேல் கவிழ்ந்தது. எனக்கு ஒரே இருட்டு. வெளியே பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமும் உருளுகிற சத்தம் கேட்டது.

யாருக்கும் அடி படவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு யாரும் அதை முதலில் கேட்கவில்லை. ஃபிளக்ஸைக் கிழித்து என்னை வெளியே எடுத்தபோது காதில் விழுந்த முதல் வார்த்தை, பொம்பளை ரிவர்ஸ் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது. சொன்னவர் யார் தெரியுமா, வேட்டி மாட்டி ஓடி வந்தாரே அவர்தான். அவர்தான் தள்ளினவர். தள்ளின மற்றவர்கள் எல்லாம் அதற்குள் பார்க்க வந்தவர்களாக மாறியிருந்தார்கள். ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களுக்கு, இந்தம்மாதான் ரிவர்ஸ் எடுத்து இடித்தது என்று என்னைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள், ஒருவர்கூட நான் ரிவர்ஸ் எடுக்கவே இல்லை என்பதை யோசிக்கவில்லை.

பின் பம்பர் ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். கிழிந்துபோன தன் மீசையைப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்கிறார்கள், கொடுத்துவிடு, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று காதோரம் முணுமுணுத்தார். பிறகு என்ன பேசுவார்? ஒரு தடவை அந்தக் கைக்குப் போன சாவி ஆயுசுக்கும் அங்கேதான் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தது, அதை விடப் பெரிதாகக் கோபம் வந்தது, ஆனால் சுற்றிலும் அத்தனை பேர். ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவிவிட்டேன். கை பாதி தூரம் போய்விட்டது.

அத்தை வந்து நடுவில் நின்றார்.

"ரிவர்ஸ் போட்டியா?" என்று என்னைக் கேட்டார்.

"போடல அத்தை."

"இஞ்சின் ஓடுச்சா?"

"இல்ல."

மருமகன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்பிள்ளை, நான் படியிலதான நின்னுட்டிருந்தேன். தள்ளுனது உங்க ஆளுங்க. பாத்துக்கறேன்னது நீங்க. நீங்க எங்க பாத்தீங்க? அவ கையில என்னா இருந்துச்சு, சும்மா குந்தியிருந்தா. சாவி அவகிட்டயே இருக்கட்டும். நீங்க போயி மேடையில குந்துங்க, ஐயர் கூப்பிடறாரு."

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அத்தை காலில் விழலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே, இந்த வினை எல்லாம் இவர் போட்ட சட்டத்தால் வந்தது என்பதும், குற்றவாளியே நீதிபதியாக வந்து என்னை விடுதலை செய்துவிட்டுப் போகிறார் என்பதும் உறைத்தது. நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கில் மறுபடி என் வண்டி நம்பர்.

பஸ்ஸின் வழியில் நின்ற கார் இப்போது மண்டபத்து வாசலிலேயே நின்றது. முன்னால் எடுக்கலாம் என்று பார்த்தால், நான் விட்டு வந்த இடத்தில் அதற்குள் வேறொருவன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். (நல்லா இருக்கட்டும்.) தள்ளுவதற்கு ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. மீதி இருந்த ஒரே வழி, வாசலை ஒட்டிப் பின்னால் பந்திக்கூடத்துச் சுவருக்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவே போகிற சந்து. அதன் வழியாகப் பின்னாலேயே போனால் கொல்லைப்புற மைதானம்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சந்தைப் பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டச் சொன்னார். மாட்டினேன்.

"நான் கண்ண மூடிக்கறேன்," என்றார். "நீ எடு."

முதலில் இறங்கினேன். காரைச் சுற்றி நடந்தேன். சந்துக்குள் போய் அந்த முனை வரைக்கும் பார்த்து, வழியில் கிடந்த தண்ணீர் கேன்களை நகர்த்தி வைத்தேன். திரும்பி வந்து ஜன்னல்களை இறக்கினேன். "வா" என்று சொல்ல வாயெடுத்த ஒருவரை ஒரு பார்வை பார்த்தேன், அவர் மண்டபத்துக்குள் போய்விட்டார். இஞ்சினைப் போட்டேன். வாங்கிய நாளிலிருந்து தொடாத அந்தக் கியரை முதல் தடவையாகப் போட்டேன். இடது கண்ணாடியில் கொட்டகையின் தகரம், வலது கண்ணாடியில் சுவர். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை, அதிலும் பாதி. சுவரில் உரசாமல், தகரத்தில் உரசாமல், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவைத் தாண்டி, கொல்லைப்புறத்தில் வளைத்து, ஒரே எடுப்பில் இரண்டு கார்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன். இன்றுவரை அதைவிட நன்றாக நான் ரிவர்ஸ் எடுத்ததில்லை.

அப்போதுதான் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. வேடிக்கை பார்த்த எல்லோரும், சமையல்காரர்கள் உட்பட, மண்டபத்துக்குள் ஓடியிருந்தார்கள். நான் இடித்ததைப் பார்க்க இரண்டு வீட்டு ஜனங்களும் இருந்தார்கள். நான் ஒழுங்காக எடுத்ததைப் பார்க்க ஒரே ஒருவர் இருந்தார், அவரும் கண்ணை மூடியிருந்தார். தாய்மாமன் பெண்டாட்டி நான், தாலி கட்டினதை நான் பார்க்கவே இல்லை.

மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானேதான் ஓட்டிக்கொண்டு போய் விட்டேன், அமுங்கின பம்பரோடு. சாவி அன்றிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. குலசாமி கோயிலுக்கும் பிறகு போய் வந்துவிட்டோம். ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், நான் கியரில் கை வைத்தவுடன் யாராவது ஒருவர், வழக்கமாக அந்தக் கல்யாண மாப்பிள்ளைதான் (அவருக்கு நான் அத்தை முறை), "அத்தை வண்டி எடுக்கறாங்க, எல்லாரும் கண்ண மூடிக்குங்க" என்று சொல்வார். மண்டபமே சிரிக்கும். கோவிந்தசாமி அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நான் அன்றைக்கு ஒரு உரசல் இல்லாமல் எடுத்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அத்தையைக் கேளுங்கள் என்பேன். அவர்களும் கேட்பார்கள். "நான் கண்ண மூடியிருந்தேன் சாமி, எனக்கு என்னா தெரியும்" என்பார் அத்தை. அதற்கு இன்னொரு சிரிப்பு எழும்.

போன மாதம் தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தள பார்க்கிங்கில், தூண்களுக்கு நடுவே காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் இருந்தார். வேறு யாரும் இல்லை.

"இதென்னா பெரிசு," என்றார் திடீரென்று. "அன்னிக்கு அந்தச் சந்துல தகரத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரு வெரல் எடம்கூட இல்ல. அதுலயே ஒரசாம கொண்டாந்துட்ட."

நான் பிரேக்கை அழுத்திக் காரை நிறுத்திவிட்டேன். கண்ணை மூடியிருந்தவருக்கு விரல் இடம் எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. இதை நாலு பேர் முன்னாடி ஒரே ஒரு தடவை சொல்லுங்கள் அத்தை, ஒரே ஒரு தடவை, என்றேன்.

"எத?" என்றார்.